கருவியைக் கருத்தா ஆக்காதீர்: அமெரிக்க இருப்புப்பாதை வரலாற்றை நாம் கற்பிக்கும் முறை குறித்து

“19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமூகத்தைச் சாலைகளும் கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் எவ்வாறு மாற்றியமைத்தன?”

அமெரிக்க வரலாற்றைப் பாடமாகக் கொண்ட நம் துறைகளில் பழகிப்போன வினா இது. விடையும் நமக்கு மனப்பாடம். தூரம் சுருங்கியது. சரக்குக் கூலி குறைந்தது. சந்தை விரிந்தது. நகரங்கள் எழுந்தன. தேசம் ஒன்றாயிற்று. இந்த ஐந்து வாக்கியங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்றிலேனும் மனிதர் இருக்கிறாரா?

இதை நடைக்குற்றம் என்று ஒதுக்க முடியாது. வரலாற்றுக் குற்றம் என்பதே என் வாதம். பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்தபோது கருவி வேறு, கருத்தா வேறு என்று கற்றோம். கருத்தாவிலும் இருவகை உண்டு. கோயிலைக் கட்டச் சொன்ன அரசன் ஏவுதற் கருத்தா. கல்லைச் செதுக்கி அடுக்கிய தச்சன் இயற்றுதற் கருத்தா. உளி வெறும் கருவி. உளி கோயிலைக் கட்டியது என்று எந்த மாணவரும் எழுதமாட்டார். ஆனால் இருப்புப்பாதை சமூகத்தை மாற்றியது என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம். எழுதியவர்க்கு மதிப்பெண்ணும் இடுகிறோம். ஏவியவர் யார், இயற்றியவர் யார், எவர் பணத்தில், எவர் நிலத்தில் என்னும் நான்கு கேள்விகளையும் அந்த ஒரே வாக்கியம் விழுங்கிவிடுகிறது. அவற்றைத் திரும்ப வெளியே எடுப்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

1. எவர் பணத்தில்?

தனியார் முனைவு காட்டைத் திருத்திக் கண்டத்தை இணைத்தது என்னும் கதையை முதலில் சோதிப்போம். மேற்கு நோக்கிய முதல் பெருஞ்சாலையான தேசியச் சாலைக்கு 1806-இல் ஜெபர்சன் ஆட்சியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் தந்தது. 1811-இல் மேரிலாந்தின் கம்பர்லேண்டில் தொடங்கிய பணி 1818-இல் ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங்கை எட்டியது. அது கூட்டாட்சி அரசின் பணம். இடையில், 1808-இல், கருவூலச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் நாடு முழுவதற்குமான சாலை, கால்வாய்த் திட்டம் ஒன்றை 2 கோடி டாலர் மதிப்பில் வரைந்து செனட்டின் முன்வைத்தார். அத்திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. 1817 மார்ச் 3 அன்று, பதவியிலிருந்த கடைசி நாளுக்கு முந்தைய நாளில், அதிபர் மேடிசன் இத்தகைய பணிகளுக்கு நிதி ஒதுக்கும் சட்ட முன்வடிவைத் தம் மறுப்பதிகாரத்தால் தள்ளினார். அரசமைப்பு அதற்கு இடந்தரவில்லை என்பது அவர் வாதம்.

அப்போது முன்வந்தது எந்த வணிக நிறுவனமும் அன்று. நியூயார்க் மாநில அரசு. அடுத்த மாதமே அதன் சட்டமன்றம் ஈரி கால்வாய்க்கு வழிவகுத்தது. டிவிட் கிளின்டனின் தலைமையில் 1817 ஜூலை 4 அன்று ரோம் என்னும் சிற்றூரில் மண்வெட்டி விழுந்தது. 363 மைல் நீளம், 40 அடி அகலம், 4 அடி ஆழம், படகுகளை ஏற்றி இறக்க 83 மதகுகள், செலவு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அந்தப் பணம் மாநிலத்தின் கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. அப்பத்திரங்களுக்குப் பிணையாக உப்பு வரியும் ஏல வரியும் நின்றன. 1825-இல் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டபோது அது மாநிலத்தின் உடைமை. அதன் சுங்கக் கட்டணத்தை வகுத்தவர்களும் மாநில அலுவலர்களே.

விளைவு பெரிது, அதை நான் மறுக்கவில்லை. பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கைக் கொண்டுவர முன்பு 100 டாலர் அளவில் ஆன செலவு 10 டாலருக்கும் கீழே இறங்கியது. 1820-இல் சுமார் 1,500 பேர் வாழ்ந்த ராசெஸ்டர் பத்தே ஆண்டுகளில் 9,000 பேரைத் தாண்டிய மாவு ஆலை நகரமாயிற்று. சார்ல்ஸ் ஃபின்னியின் சமய எழுச்சிக் கூட்டங்கள் 1830-31 குளிர்காலத்தில் அதே நகரை ஆட்டி வைத்தன. ஆலை முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய பழைய ஏற்பாடு அங்கே குலைந்ததையும், அந்தக் குலைவுக்கும் சமய எழுச்சிக்கும் இருந்த உறவையும் பால் ஜான்சன் 1978-ஆம் ஆண்டு நூலில் காட்டினார். சமூகம் மாறியது உண்மை. ஆனால் வரி கட்டியவரும் பத்திரம் வாங்கியவரும் சட்டமன்றத்தில் கை தூக்கியவரும் இல்லாமல் அந்த நீர் ஓடியிருக்காது. இதில் எதைத் தனியார் முனைவு என்கிறோம்?

2. கடன் பொதுவில், உடைமை தனியாரிடம்

ஈரியின் வெற்றியைக் கண்ட பிற மாநிலங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கின. இண்டியானா 1836-இல் ஒரே சட்டத்தின்வழி 1 கோடி டாலருக்குக் கால்வாய், சாலை, இருப்புப்பாதைப் பணிகளை அறிவித்தது. மறு ஆண்டே நிதி நெருக்கடி வெடித்தது. 1840-களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்களும் ஃப்ளோரிடா ஆட்சிப்பகுதியும் கடனைத் திருப்பித் தர இயலாமல் நின்றன. பென்சில்வேனியா, மேரிலாந்து, இண்டியானா, இல்லினாய், மிச்சிகன் ஆகியவற்றின் கடன் பெரிதும் இப்பணிகளுக்காக வாங்கியது. பென்சில்வேனியாப் பத்திரங்களை வைத்திருந்த ஆங்கிலப் பாதிரியார் சிட்னி ஸ்மித் அமெரிக்கக் காங்கிரசுக்கே முறையீடு எழுதினார்.

இதற்குப் பின் நடந்ததே நம் பாடத்தில் இடம்பெற வேண்டிய திருப்பம். நியூயார்க் 1846-இலும் இண்டியானா 1851-இலும் புதிய அரசமைப்புகளை எழுதி, மாநிலம் கடன் வாங்கும் உரிமைக்கு வேலி போட்டன. வேறு மாநிலங்களும் அவ்வழியே சென்றன. மக்கள் அஞ்சியது நியாயமே. ஆனால் அரசு உடைமையாளராக இருக்கும் வழி அடைபட்டதேயொழிய, அரசு கொடையாளராக இருக்கும் வழி அடைபடவில்லை. ஊராட்சிகளும் மாவட்டங்களும் தம் ஊர் வழியே தண்டவாளம் வர வேண்டும் என்று பணம் கொட்டின; கூட்டாட்சி அரசு நிலம் கொடுத்தது. பாதை மட்டும் நிறுவனங்களுடையதாயிற்று. 1860-இல் நாட்டில் ஏறத்தாழ 30,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. கால்வாய்க் காலத்தில் இழப்பும் ஈட்டமும் பொதுவில் இருந்தன. இருப்புப்பாதைக் காலத்தில் இழப்பு பொதுவிலேயே தங்க, ஈட்டம் இடம் மாறியது. இரண்டும் போக்குவரத்துதான். இரண்டும் உருவாக்கிய சமூகங்கள் ஒன்றல்ல. கருவி மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க வழியில்லை.

3. எவர் நிலத்தில்?

ஈரி கால்வாய்க்கு முதல் மண் வெட்டப்பட்ட ரோம், ஒனைடா மக்கள் தொன்றுதொட்டுப் படகுகளைத் தோளில் சுமந்து ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குக் கடந்த தரைவழியில் அமைந்த ஊர். கூட்டாட்சி அரசின் இசைவின்றிப் பழங்குடி நிலத்தை எவரும் வாங்கக்கூடாது என்று 1790-இலேயே சட்டம் இருந்தது. அதை மீறி 1795-இல் நியூயார்க் மாநிலம் ஒனைடா மக்களிடமிருந்து பெருநிலப்பரப்பை வாங்கியது. அந்த மீறலுக்காக ஒனைடா மக்கள் வழக்காடும் உரிமை உடையவர்களே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1985-இல். இடையில் 190 ஆண்டுகள். கால்வாய்த் திட்டமும் ஹோடெனோஷோனி மக்களின் நிலப்பறிப்பும் ஒரே குழுவினரின் நலன்களால் பிணைந்திருந்தன என்பதை லாரன்ஸ் ஹாப்ட்மன் 1999-இல் ஒரு முழு நூலாகவே எழுதிவிட்டார். நம் வகுப்புகளிலோ கால்வாய் இன்னும் ஆளில்லாக் காட்டின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈரியில் மறைவாக நடந்தது 1862-இல் சட்டமாகவே எழுதப்பட்டது. லிங்கன் கையொப்பமிட்ட பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பாதை செல்லும் நிலங்களின்மீது பழங்குடியினர்க்குள்ள உரிமையைக் கூடிய விரைவில் இல்லாதொழிக்கும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு நிறுவனம், மறு தரப்பு அரசு. ஒப்படைக்கப்பட்ட பொருள் மூன்றாமவர் நிலம். ஒவ்வொரு மைலுக்கும் பத்துச் சதுர மைல் நிலம். 1864-இல் அது இருபதாக உயர்ந்தது. அத்துடன் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் வரை அரசுப் பத்திரக் கடன். 1850 முதல் 1871 வரை கூட்டாட்சி அரசு இருப்புப்பாதைகளுக்காக வழங்கிய நிலம் மொத்தம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கர். அதே 1862-இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி ஓர் உழவுக் குடும்பம் பெறக்கூடியது 160 ஏக்கர்.

கடைசி நிலக்கொடை வழங்கப்பட்ட அதே 1871-ஆம் ஆண்டில்தான், பழங்குடித் தேசங்களுடன் இனி உடன்படிக்கை செய்துகொள்வதில்லை என்று காங்கிரஸ் சட்டமியற்றியது. இவ்விரண்டு செய்திகளும் நம் பாடத்திட்டத்தில் வெவ்வேறு அலகுகளில் கிடக்கின்றன. ஒன்று பொருளாதார வளர்ச்சி. மற்றொன்று பழங்குடிச் சிக்கல். அலகுகளுக்கு நடுவே உள்ள சுவரை எழுப்பியவர்கள் நாமே. மனு கருகாவின் 2019-ஆம் ஆண்டு நூல் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறது.

4. இயற்றியவர் எவர்?

1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில், இரண்டு விழாக்கள் நடந்தன. அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் செசபீக்–ஒஹையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டினார். பால்டிமோர்–ஒஹையோ இருப்புப்பாதைக்கு, விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் அப்போது உயிருடன் எஞ்சியிருந்த ஒரே பெருமகனான சார்ல்ஸ் கரோல் அடிக்கல் நாட்டினார். இந்த இரட்டை விழாவைப் பாடநூல்கள் விரும்பிச் சொல்கின்றன. கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடந்த பந்தயத்தின் தொடக்கம் அல்லவா? பந்தயத்தில் இருப்புப்பாதை 1842-இலும் கால்வாய் 1850-இலும் கம்பர்லேண்டை அடைந்தன.

1834 ஜனவரியை அவ்வளவு விருப்பத்துடன் சொல்வதில்லை. அதே கால்வாயில் மண் சுமந்த அயர்லாந்துத் தொழிலாளர்கள், 1832-இன் வாந்திபேதிக்குத் தப்பியவர்கள், வேலைக்காகவும் கூலிக்காகவும் தங்களுக்குள் மோதிக் கலகத்தில் இறங்கினர். அதிபர் ஜாக்சன் படையை அனுப்பினார். தொழிலாளர் பூசலில் கூட்டாட்சிப் படை இறங்கிய முதல் நிகழ்வு அது. 1830-இல் மேஸ்வில் சாலைக்குப் பணம் தர அரசமைப்பு இடந்தராது என்று மறுத்தவரும் இதே ஜாக்சன்தான். சாலைக்குப் பணம் தரத் தடையாக இருந்த அரசமைப்பு, கால்வாய்க் கூலிகள்மீது படையை ஏவத் தடையாக இல்லை.

தெற்கில் நிலைமை வேறு. 1833-இல் 136 மைல் நீளத்துடன் உலகிலேயே மிக நீண்ட இருப்புப்பாதையாக இருந்தது சார்ல்ஸ்டன்–ஹாம்பர்க் பாதை. அதன் பெரும்பகுதியை அமைத்தவர்கள் அடிமைப்பட்ட மக்கள். உள்நாட்டுப் போருக்கு முந்தைய தெற்கின் இருப்புப்பாதைகள் பெரும்பாலானவை இப்படி அமைந்தவையே. நிறுவனங்கள் அடிமைகளை விலைக்கு வாங்கின. அல்லது ஆண்டு வாடகைக்கு எடுத்தன. வாடகை ஆண்டு ஜனவரியில் தொடங்கிக் கிறிஸ்துமசில் முடியும். நிறுவனக் கணக்கேடுகளில் இவர்கள் தண்டவாளத்தோடும் இயந்திரத்தோடும் சொத்துப் பட்டியலில் நிற்கிறார்கள். இருப்புப்பாதை வந்தால் அடிமைமுறை தானே உதிரும் என்று நம்புவோர்க்கு இந்தக் கணக்கேடுகளே விடை. நவீன இயந்திரமும் அடிமை உழைப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பல்லாண்டுகள் ஒரே ஏட்டில் ஒன்றாகவே வாழ்ந்தன. போருக்குப் பின்னும் வட கரோலினாவின் மலைப்பாதைகளில் குகை குடைந்தவர்கள் குத்தகைக்கு விடப்பட்ட கைதிகள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

மேற்கில், சியர்ரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் உழைப்பாளர்களில் அவர்கள் பத்தில் ஒன்பது பங்குவரை இருந்தனர். நிறுவனத் தலைவர் லீலண்ட் ஸ்டான்போர்ட், 1862-இல் கலிபோர்னிய ஆளுநராகப் பதவியேற்றபோது ஆசியர் குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று பேசியவர். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வெள்ளையர்க்கு நிகரான ஊதியமும் குறைந்த வேலைநேரமும் கேட்டுக் கருவிகளைக் கீழே வைத்தனர். கட்டுமானப் பொறுப்பாளர் சார்ல்ஸ் குரோக்கர் துப்பாக்கியை நீட்டவில்லை. மலைமேல் செல்லும் உணவை நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் தங்க ஆணி அறையப்பட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழைவதையே சட்டம் தடைசெய்தது. அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் எழுதிய கடிதம்கூட இதுவரை ஆய்வாளர் கைக்குக் கிட்டவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்கிறது. தேர் நிலைக்கு வந்தபின் பரிவட்டம் யாருக்கு என்பது நமக்கு வேறு யாரும் சொல்லிக் கற்றுத்தர வேண்டிய செய்தியா? இருந்தும் அமெரிக்கத் தேர் என்றால் வடம் பிடித்த கைகளை மறந்து, தேர் தானாக ஓடியது என்று எழுதத் துணிகிறோம்.

5. பொறி இருந்தது, சட்டம் இல்லை

இனி தொழில்நுட்பவாதிகளின் கோட்டைக்குள்ளேயே செல்வோம். பொறி தன் இயல்பால் சமூகத்தை மாற்றும் என்றால் பின்வரும் செய்தியை எப்படி விளக்குவது?

சரக்குப் பெட்டிகளைக் கையால் இணைக்கும்போது இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் விரல்களையும் உயிரையும் இழந்தனர். ஓடும் வண்டியின் கூரைமேல் ஏறித் தடையைத் திருக வேண்டியிருந்ததால் விழுந்து இறந்தனர். வெஸ்டிங்ஹவுஸின் காற்றழுத்தத் தடை 1869-இலும், ஜானியின் தானியங்கி இணைப்பி 1873-இலும் காப்புரிமை பெற்றுவிட்டன. சரக்கு வண்டிகளில் அவற்றைப் பூட்டுவது நிறுவனங்களுக்குச் செலவு. 1889-இல் முடிந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,000 தொழிலாளர்கள் இறந்தனர். ஏறத்தாழ 20,000 பேர் காயமுற்றனர். 1893-இல் காங்கிரஸ் சட்டமியற்றிய பிறகே அவை கட்டாயமாயின. பொறி இருந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விரல்கள் நசுங்கிக்கொண்டிருந்தன.

இந்த இழப்பு நிறுவனத்தின் கணக்கில் ஏறாதபடி சட்டம் முன்னரே வகை செய்திருந்தது. பாஸ்டன்–உர்ஸ்டர் இருப்புப்பாதையின் இயந்திர ஓட்டுநர் ஃபார்வெல், வேறொரு தொழிலாளியின் கவனக்குறைவால் கையை இழந்தார். 1842-இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவல் ஷா அவர்க்கு இழப்பீடு இல்லை என்றார். தொழிலின் ஆபத்து கூலிக்குள்ளேயே அடக்கம். உடன் உழைப்பவர் செய்த தவற்றுக்கு முதலாளி பொறுப்பல்லர். இந்தக் கோட்பாடு பிற மாநிலங்களுக்கும் பரவியது. மலிவான சரக்குக் கூலியைப் பற்றிப் பேசும்போது, அந்த மலிவில் எவ்வளவு பங்கு நீராவியுடையது, எவ்வளவு பங்கு நீதிபதி ஷாவுடையது என்று நாம் கேட்டதுண்டா?

காலமும் அப்படியே. ஊருக்கொரு நேரம் என்றிருந்த நாட்டில் 1883 நவம்பர் 18 அன்று இருப்புப்பாதை நிறுவனங்கள் நான்கு நேர மண்டலங்களை நடைமுறைப்படுத்தின. காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது 1918-இல். 35 ஆண்டுகள் ஒரு நாட்டின் கடிகாரம் தனியார் உடன்பாட்டில் ஓடியது.

6. எவர் எந்தப் பெட்டியில்?

தண்டவாளம் மக்களைக் கலந்து சமமாக்கும் என்பது அக்காலத்தின் பெருநம்பிக்கை. நம் நாட்டைக் குறித்தும் அது பேசப்பட்டது. 1853-இல் நியூயார்க் செய்தித்தாளுக்கு எழுதிய மார்க்ஸ், இருப்புப்பாதையால் விளையும் தொழில்வளர்ச்சி சாதி நிற்கும் பரம்பரைத் தொழிற்பிரிவைக் கரைக்கும் என்றார். சாதி ரயிலேறிக்கொண்டது என்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் நிறவெறியும் ஏறிக்கொண்டது.

பிரெடெரிக் டக்ளஸ் 1838 செப்டம்பர் 3 அன்று, கப்பல்மாலுமி ஒருவரின் தாள்களுடன் பால்டிமோரில் ரயிலேறி அடிமைத்தளையிலிருந்து தப்பினார். ரயில் விடுதலைக் கருவி என்று இதைச் சொல்லலாம். மூன்றே ஆண்டுகளில், 1841-இல், அடிமைமுறை இல்லாத மாசசூசெட்ஸில், கறுப்பினத்தார்க்கு ஒதுக்கிய பெட்டிக்குச் செல்ல மறுத்த அதே டக்ளஸை நடத்துநரும் ஆட்களும் இருக்கையோடு பெயர்த்து வெளியே எறிந்தனர். அந்தப் பெட்டிகளை அங்கே ஒழித்தது மக்கள் போராட்டம், நீராவி அன்று. ஐடா பி. வெல்ஸ் டென்னசியில் தமக்கு நேர்ந்த இதே இழிவுக்காக வழக்குத் தொடுத்து 1884-இல் வென்றார். 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. 1892-இல் ஹோமர் பிளெசி லூசியானாவில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துவைப்பதற்கு முத்திரை குத்தியது. அந்த முத்திரை ரயில் பெட்டியிலிருந்து பள்ளிக்கும் மற்ற பொது இடங்களுக்கும் பரவி அரைநூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1886-இல், சதர்ன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தின் வரி வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அரசமைப்பின் 14-ஆம் திருத்தம் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் காப்புக்காக எழுந்தது. அதிலுள்ள ‘நபர்’ என்னும் சொல் நிறுவனங்களையும் குறிக்கும் என்று தலைமை நீதிபதி விசாரணையின்போது சொன்னதாகத் தீர்ப்புச் சுருக்கத்தில் பதிவாயிற்று. பிற்காலத் தீர்ப்புகள் அதை அடித்தளமாக்கின. இருப்புப்பாதை நிறுவனம் நபராயிற்று. இருப்புப்பாதையில் பயணச்சீட்டு வாங்கிய பிளெசிக்கு அந்தத் திருத்தம் கைகொடுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ‘போக்குவரத்தும் சமூகமும்’ என்னும் தலைப்பில் ஒரே ஒரு வகுப்பு எடுக்க நேரமிருந்தால், இவ்விரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து எடுத்தால் போதும்.

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: இத்தனை கொடுமைகளுக்குப் பின்னும் இருப்புப்பாதை இல்லாமல் அமெரிக்கா வளர்ந்திருக்காதே? இதற்கு நான் விடைசொல்ல வேண்டியதில்லை. ராபர்ட் ஃபோகல் 1964-இலேயே சொல்லிவிட்டார். 1890-இல் இருப்புப்பாதைகளே இல்லையென்று கொண்டு, கால்வாய்களையும் வண்டிப்பாதைகளையும் வைத்துக் கணக்கிட்டால், அவற்றால் விளைந்த மிச்சம் அவ்வாண்டின் தேசிய உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று வாதிட்டார். அவருடைய முறையைப் பின்வந்தோர் கடுமையாகத் திறனாய்ந்துள்ளனர். மிச்சம் இன்னும் பெரிது என்று காட்டியவர்களும் உண்டு. என் வாதம் அந்தச் சதவீதத்தைச் சார்ந்து நிற்கவில்லை. ஃபோகலின் பயன் வேறு: இன்றியமையாமை என்பதைப் பறைசாற்றினால் போதாது, மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலையை அவர் உருவாக்கினார். இன்றியமையாதது என்று ஒன்றைச் சொன்னவுடன் அதற்காகக் கொடுத்த விலையைக் கேட்கும் வாய் அடைபடுகிறது. ரிச்சர்ட் ஒயிட் 2011-இல் காட்டியதுபோல், கண்டம் கடந்த பாதைகள் பல, தேவை எழுவதற்கு முன்பே மானியத்துக்காகக் கட்டப்பட்டவை. யூனியன் பசிபிக் பாதையின் உள்வட்டத்தார் கிரெடிட் மொபிலியே என்னும் கட்டுமான நிறுவனத்தின்வழித் தமக்குத் தாமே மிகைக் கூலி வழங்கிக்கொண்டதும், அதன் பங்குகள் காங்கிரஸ் உறுப்பினர் கைகளுக்குப் போனதும் 1872-இல் வெளியாயின. அந்தப் பாதைக்குத் தேவை சந்தையில் பிறந்ததா, சட்டமன்றத் தாழ்வாரத்தில் பிறந்ததா?

இரண்டாம் எதிர்வாதம் என் தோழர்களிடமிருந்து வருவது: இது வெறும் பாதிக்கப்பட்டோர் வரலாறு ஆகிவிடாதா? ஆகாது. கருத்தாவைத் தேடுவது என்றால் எதிர்த்தவர்களையும் தேடுவதே. நெடுந்தொலைவுச் சரக்கைவிடக் குறுந்தொலைவுச் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் வாங்கிய நிறுவனங்களுக்கு எதிராக உழவர்கள் 1867-இல் தொடங்கிய கிரேஞ்சு இயக்கத்தில் திரண்டனர். மாநிலச் சட்டமன்றங்களைக் கட்டண வரம்பு விதிக்கச் செய்தனர். பொதுநலன் சார்ந்த தொழிலை மாநிலம் நெறிப்படுத்தலாம் என்று 1877-இல் சிகாகோவின் தானியக் கிடங்குகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1886-இல் அதே நீதிமன்றம் மாநிலங்களின் கையைக் கட்டியபோது, போராட்டம் 1887-இல் மாநிலங்களிடை வணிக ஆணையத்தைப் பெற்றது. 1877 ஜூலையில் பால்டிமோர்–ஒஹையோ நிறுவனத்தின் கூலிவெட்டை எதிர்த்து மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் நின்ற வண்டிகள், சில நாள்களில் பல மாநிலங்களில் நின்றன. படை வந்தது, ஏறத்தாழ நூறு பேர் மடிந்தனர். 1894-இல் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது, அஞ்சல் தடைபடுகிறது என்று சொல்லி அதிபர் கிளீவ்லேண்ட் சிகாகோவுக்குப் படை அனுப்பினார். நீதிமன்றத் தடையாணைக்கு வழிவகுத்த அரசுத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ஆல்னி, அதற்கு முன் இருப்புப்பாதை நிறுவனங்களின் வழக்கறிஞர். இவையெல்லாம் தண்டவாளத்தின் ‘தாக்கம்’ அல்ல. தண்டவாளம் யாருடையது என்பது பற்றிய போர்.

8. வினாவை மாற்றுங்கள்

‘தாக்கம்’ என்னும் சொல்லை ஓராண்டுக்கு நம் வினாத்தாள்களிலிருந்து விலக்கிவைத்துப் பாருங்கள் என்பதே ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். “கால்வாய்கள் அமெரிக்கச் சமூகத்தில் ஏற்படுத்திய தாக்கத்தை விளக்குக” என்பதற்குப் பதிலாக, “ஈரி கால்வாய்க்கான பணம், நிலம், உழைப்பு ஆகியவை எங்கிருந்து, எவ்வகையில் பெறப்பட்டன? அதன் ஆதாயம் எவரிடம் சேர்ந்தது?” என்று கேளுங்கள். மனப்பாட விடை உதவாது. மாணவர் சட்டத்தையும் நிதியறிக்கையையும் வழக்கையும் தேடிச்செல்ல வேண்டியிருக்கும். முதல் ஆண்டு விடைகள் மோசமாக இருக்கலாம், இருக்கட்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். இது தொலைதூர நாட்டின் பழங்கதை அன்று. ஒவ்வொரு விரைவுச்சாலைக்கும் துறைமுகத்துக்கும் சரக்குப் பாதைக்கும் நிலம் எடுக்கும்போது, அமெரிக்கா இப்படித்தான் வளர்ந்தது என்று நம்மிடம் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் வரலாறு படித்தவரல்லர். ஆனால் அவர்க்கு அந்த வாக்கியத்தைத் தயாரித்துக் கொடுத்தது வரலாற்று வகுப்பறை. சாலை வளர்ச்சியைக் கொண்டுவரும் என்று எழுதிப் பழகிய கை, நிலம் இழந்தவரைப் ‘பக்கவிளைவு’ என்று எழுதவும் கூசாது.

அமெரிக்கா இப்படித்தான் வளர்ந்தது என்று அடுத்த முறை யாராவது சொன்னால், 1862 சட்டத்தின் இரண்டாம் பிரிவை எடுத்து அவர்முன் வையுங்கள். அந்த நிலத்துக்கு உரியவர் யார் என்று அச்சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த உரிமையை ஒழிக்கத் தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததை நாம் ஏன் மாணவர்களிடம் மறைக்கிறோம்?